அத்தான் கழுவிய காற்று

என் அத்தானுக்கு வாசனை தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்ததெல்லாம் இதிலிருந்துதான் கிளம்பியது. அடுப்பில் பால் தீய்ந்தாலும் தெரியாது, காலடியில் எலி செத்துக் கிடந்தாலும் தெரியாது. அக்கா வைக்கிற சாப்பாட்டை அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை என்று சொந்தக்காரர்கள் மெச்சுவார்கள். குறை சொல்ல மூக்கு வேண்டாமா? சூடு இருக்கிறதா, உப்பு இருக்கிறதா என்று பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோகிற மனிதர் அவர்.

பிறவியிலேயே அப்படி இல்லை. தொழில் தின்ற மூக்கு அது. அத்தான் பழைய கார்களுக்கு ஏசி வேலை பார்க்கிறவர். பழைய கார் என்றதும் தட்டுமுட்டுச் சாமானாகக் கிடக்கிற வண்டியை நினைத்துவிட வேண்டாம். வசதியானவர்கள் ஆசை ஆசையாக வாங்கி, துடைத்து, போர்வை போர்த்தி, விடுமுறை நாளில் மட்டும் ஒரு சுற்று ஓட்டிவிட்டு மறுபடியும் படுக்க வைக்கிற வண்டிகள். பெற்ற தாயை அவ்வளவு பார்த்துக்கொள்வார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான். அந்தக் காலத்தில் ஏசி கேஸ் எங்கே கசிகிறது என்று பார்க்க ஒரு விளக்கு இருந்தது. சின்னச் சுடர், பக்கத்தில் ஒரு ரப்பர் குழாய். குழாயின் நுனியைப் பைப்பின் மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டே போனால், கசிவு உள்ள இடத்தில் சுடர் பச்சையாகிவிடும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்தப் பச்சைச் சுடரின் புகை விஷம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டு, கதவு சாத்திய காருக்குள், வருஷக்கணக்கில் அதை இழுத்தார். இப்போது கசிவைக் கண்டால் கத்துகிற கருவி வந்துவிட்டது. போன மூக்கு போனதுதான்.

நான் அதே கொட்டகையின் மறுபாதியில் சீட் தைக்கிறவன். நடுவில் ஒரு தகரத் தடுப்பு. அவர் இருமினால் எனக்குக் கேட்கும், நான் வண்டிக்காரர்களைத் திட்டினால் அவருக்குக் கேட்கும். இருமலைவிடத் திட்டுதான் அதிகம். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம் பிடிப்பார். வண்டியோடு பிறந்த பாகத்தைக் கழற்றி எறிய ஒப்புக்கொள்ள மாட்டார். கனமான பழைய கம்ப்ரஸரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் சின்னதாக ஒன்று மாட்டு என்று வண்டிக்காரர் கேட்பார். அது கூடவே வந்ததுங்க, அதை விரட்டக் கூடாதுங்க என்று இவர் சொல்வார். அதனால் அவருக்கு ‘ஒரிஜினல்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். தேய்ந்த பாகத்தை மாற்றியே தீர வேண்டும் என்றால், கழற்றியதை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி, வண்டியோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார். நைந்துபோன வாஷராக இருந்தாலும் டப்பாவுக்குள் போகும். பாதிப் பேர் தெருமுனையிலேயே அதை வீசிவிட்டுப் போவார்கள். அத்தான் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்து அலமாரியில் வைப்பார்.

மூக்கில்லாமல் ஏசி வேலை எப்படி நடக்கும் என்று கேட்கலாம். அதற்குத்தான் நான் இருந்தேன். பழைய வண்டிக்காரர்கள் பாதிப் பேர் குளிர் போதவில்லை என்று வருவதில்லை, நாற்றம் அடிக்கிறது என்றுதான் வருவார்கள். அந்த வண்டிகளில் ஏசி வெளிக்காற்றை எடுப்பதில்லை. காருக்குள் இருக்கிற காற்றையே இழுத்து, குளிர வைத்து, திரும்ப அனுப்புகிறது. உள்ளே உட்கார்ந்தவர் விட்ட மூச்சு, வியர்வை, குடித்த சிகரெட் எல்லாம் டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கிற கூலிங் காயில் வழியாகத்தான் போக வேண்டும். காயிலைச் சுற்றி ஒரு பெட்டி, பெட்டிக்கு உட்புறம் கம்பளிப் பட்டை. எல்லாம் போய் அதில் ஊறிக்கொள்ளும். அத்தான் அதைக் கழுவி மாட்டியதும் தடுப்பைத் தட்டி, “மச்சான், மூக்கக் கொண்டா” என்பார். நான் போய் உட்கார்ந்து, மோந்து பார்த்து, இருக்கிறது என்றோ போய்விட்டது என்றோ சொல்வேன். மற்ற விஷயங்களில் நான் அரிச்சந்திரன் இல்லை. மூக்கு விஷயத்தில் மட்டும் அவரிடம் பொய் சொன்னதில்லை, ஏனென்றால் அவர் என்னை நம்பித்தான் வண்டியை வெளியே அனுப்பினார்.

அத்தானுக்கென்றும் ஒரு கார் இருந்தது. யாரோ வேண்டாம் என்று விட்டுப்போன கிரீம் நிற வண்டி. அதை எலும்பும் தோலுமாகக் கொண்டுவந்து, வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து உயிர் கொடுத்தார். சீட்டு மட்டும் என் கைவேலை. அதை ஓட்டியவன் அவர்களுடைய ஒரே பிள்ளை, என் மருமகன். நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்கிற வேலை அவனுக்கு. ஈரத் தலையோடு ஏறி, ஈரத் துண்டைக் காற்று வருகிற ஏசி வாயின் மேல் காயப் போட்டுக்கொண்டு ஓட்டுவான். புதினா மிட்டாய் மென்றுகொண்டே இருப்பான். எதற்கு மென்றான் என்பது எனக்கும் அக்காவுக்கும் தெரியும். பயல் சிகரெட் பிடித்தான். அப்பாவுக்கு மூக்கில்லை என்ற தைரியத்தில் அவர் பக்கத்திலேயே நின்று பேசுவான். மிட்டாய் அம்மாவுக்காக. அம்மா மிட்டாயை நம்பியதுபோல் இருந்துவிட்டாள்.

ஒருநாள் பகலில், குளத்துப் படியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. இதயத்தில் பிறந்ததிலிருந்தே ஏதோ கோளாறு என்று பிறகு சொன்னார்கள். அவ்வளவு தண்ணீரை நீந்தியவனை வறண்ட படியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

காரை யாரோ குளத்திலிருந்து ஓட்டிவந்து கொட்டகைக்குப் பக்கத்தில், பக்கவாட்டில் திறந்த தகரக் கூரைக்கு அடியில் நிறுத்தினார்கள். நான் அதற்குப் பிறகு அதன் கதவைத் தொடவில்லை. பயம்தான், வேறென்ன. அத்தானும் தொடவில்லை. வேலை செய்தார், சாப்பிட்டார், தூங்கினார். மகன் பெயரை எடுக்கவே மாட்டார். அவருக்கு அழத் தெரியவில்லை என்று சொந்தத்தில் சிலர் பேசிக்கொண்டார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன, நாக்குக்கு வாடகையா கொடுக்கிறார்கள்?

அக்காதான் முதலில் காருக்குள் போனாள். சமையலை முடித்துவிட்டு மதியத்தில் சாவியை எடுத்துக்கொண்டு போவாள். கண்ணாடியை ஏற்றிவிட்டு, எஞ்சினைப் போட்டு, ஏசியைப் போட்டு, ஓட்டுநர் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. என்ன செய்கிறாய் என்று அத்தான் ஒருதரம் கேட்டதற்கு, ஏசியைப் போடாமல் வைத்தால் சீல் காய்ந்துவிடும் என்று நீங்கள்தானே சொல்வீர்கள், அதற்காகத்தான் என்றாள். அது உண்மைதான். பழைய கம்ப்ரஸரை அவ்வப்போது ஓடவிட வேண்டும், சும்மா கிடந்தால் உள்ளே சீல் வெடித்து கேஸ் முழுக்க வெளியே போய்விடும். அத்தான் இதை எல்லா வண்டிக்காரர்களுக்கும் பாடமாகச் சொல்வார், ஒருவரும் கேட்டதில்லை. வீட்டுக்காரி கேட்டுவிட்டாள் என்று அவருக்கு மனம் நெகிழ்ந்துபோயிற்று. என்னிடம் வந்து, மகன் ஓட்டிய வண்டி வீணாகிவிடக் கூடாது என்று அவள் எப்படிப் பார்க்கிறாள் பார் என்றார். மகன் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அப்போதுதான் மறுபடியும் கேட்டேன்.

அவர் கண்ணில் இன்னொன்றும் பட்டது. அக்கா காரிலிருந்து இறங்கும்போது முகம் வியர்த்துச் சிவந்திருக்கும். கேஸ் குறைந்திருக்கிறது, காற்று சரியாக வரவில்லை, புழுக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவர் முடிவு கட்டினார். அழுத முகத்துக்கும் புழுங்கிய முகத்துக்கும் வித்தியாசம் தெரியாதவரா என்று எனக்குக் கோபம் வந்தது உண்டு. ஆனால் அவருக்குத் தெரிந்த சோகம் எல்லாம் குளிர் போதாமை, கசிவு, அடைப்பு. அவருக்குச் செய்யத் தெரிந்த ஆறுதலும் ஒன்றே ஒன்றுதான்.

நான் வெளியூருக்கு ஒரு வண்டியின் சீட்டுக்கு அளவெடுக்கப் போயிருந்தபோது அந்த வேலையை ஆரம்பித்தார். அக்காவும், தனக்குத் தங்கை முறையாகும் ஒருத்தி வீட்டுக்குப் போயிருந்தாள். டேஷ்போர்டைக் கழற்றி, பெட்டியை இறக்கி, கூலிங் காயிலை வெளியே எடுத்து, சோப்புத் தண்ணீரில் அலசி வெயிலில் காய வைத்தார். உதிர்ந்துபோன கம்பளிப் பட்டையை எடுத்துவிட்டுப் புதிது ஒட்டினார். ஹோஸ் இணைப்புகளுக்குப் புது வளையம் போட்டு, கேஸ் நிரப்பினார். கம்ப்ரஸர் மட்டும் அதே கம்ப்ரஸர். யாருக்கும் சொல்லாமல் செய்திருக்கிறார், அக்கா திரும்பி வந்து கதவைத் திறந்ததும் ஜில்லென்று அடிக்க வேண்டும் என்று. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு ஒரு புடவை வாங்கிக்கொடுக்கத் தெரியாத மனிதர்.

நான் ஊரிலிருந்து வந்து பையை வைக்கவில்லை, தடுப்பைத் தட்டிவிட்டார். மூக்கைக் கொண்டா என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, பயல் போன பிறகு முதல் தடவையாக அந்தக் காருக்குள் உட்கார்ந்தேன். பற்களைக் கிட்ட வைக்கும் குளிர். நன்றாக மோந்து பார்த்தேன். புது ரப்பர், கொஞ்சம் சோப்பு, வேறு ஒன்றும் இல்லை. சுத்தமாக இருக்கிறது, அத்தான், ஒரு வாடையும் இல்லை என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததை வெகுநாள் கழித்துப் பார்த்தேன். என் மூக்கைக் கேட்டார், நான் உள்ளதைச் சொன்னேன்.

அக்கா வந்தாள். அவரே கதவைத் திறந்து, உட்காரும்மா என்றார். அவள் உட்கார்ந்தாள். கையை ஏசி வாயின் முன்னால் வைத்தாள். பிறகு முகத்தை அதன் கிட்டே கொண்டுபோனாள். அங்கிருந்து அடுத்த வாய்க்கு, அதிலிருந்து ஓரத்தில் இருக்கும் வாய்க்கு. குனிந்து டேஷ்போர்டுக்கு அடியிலும் முகத்தை வைத்தாள். பிறகு நிமிர்ந்து, என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். அத்தான் செய்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னார், வாடிக்கைக்காரரிடம் சொல்வதுபோல, சந்தோஷமாக.

அவள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “அவனையும் சேத்துக் கழுவிட்டீங்களே” என்றாள்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதனால்தான் அது அப்படி விழுந்தது. அத்தானுக்கு உடனே புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. ஏசியைப் போட்டால் அவன் வாசனை வரும் என்று அவள் சொன்னாள். குளத்துத் தண்ணீரில் கலக்கிற மருந்து, ஈரத் துண்டு, அந்தப் புதினா; சிகரெட்டை மட்டும் அப்போதும் சொல்லவில்லை. போட்ட கொஞ்ச நேரம் நன்றாக வரும், அப்புறம் மங்கிவிடும், அதனால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டேன் என்றாள். அத்தான் கையில் ஒரு ஸ்பேனர் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் இப்படியும் அப்படியும் பார்த்தார். கடைசியில் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஏன் அவரிடம் முன்னாலேயே சொல்லவில்லை என்று பிறகு ஒருநாள் அக்காவைக் கேட்டேன். கோபத்தோடுதான் கேட்டேன். “அவருக்குத் தெரியாத ஒண்ணு எனக்கு மட்டும் கெடைக்குதுன்னு எப்படிடா சொல்றது? அவருக்கும் அவன் புள்ளதானே” என்றாள்.

அன்றைக்கு அத்தான் கொட்டகைக்குள் போய் அலமாரிக்கு முன்னால் நின்றார். அவர் அழுவார் என்று நான் நினைத்தேன். அவர் டப்பாக்களை இறக்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. எந்த வண்டியிலிருந்து எதைக் கழற்றினாலும் டப்பாவில் போடுகிறவர், சொந்த வண்டியின் கம்பளிப் பட்டையை மட்டும் வீசியிருப்பாரா? உதிர்ந்த துண்டுகளைக் கூட்டி அள்ளி, ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு, மூடியை அமுக்கி வைத்திருந்தார். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காருக்குப் போனார்.

அக்கா மூடியைத் திறந்து முகத்தை வைத்தாள். தோள்கள் குலுங்கின. நானும் எட்டி நின்று மோந்தேன். இருந்தான். கறுத்துப்போன கம்பளித் துண்டுகளுக்குள் பயல் அப்படியே இருந்தான், ஈரத் தலையோடு கொட்டகைக்குள் நுழைந்து மாமா என்று கூப்பிட்டால் எப்படியோ அப்படி. நான் தகரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன், எனக்கு வெட்கமாக இல்லை.

அந்த வேகத்தில் அக்கா மறந்துவிட்டாள். நீங்களும் பாருங்க என்று டப்பாவை அவரிடம் நீட்டிவிட்டாள். அவர் வாங்கி, மூக்கை உள்ளே வைத்து, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்தார். இன்னொரு தரம் இழுத்தார். நிமிர்ந்தபோது அவர் மீசையில் ஒரு கம்பளித் தும்பு ஒட்டியிருந்தது.

“எனக்கு ஒண்ணும் வரலம்மா. நீ சொல்லு, எப்படி இருக்கான்?”

அக்கா சொன்னாள். அன்றைக்குச் சொல்ல ஆரம்பித்தவள்தான். அதற்குப் பிறகு, கம்ப்ரஸரை ஓடவிட வேண்டிய நாள் வந்தால் இரண்டு பேருமாகக் காருக்குள் போய் உட்காருவார்கள். ஏசி ஓடும். அவள் டப்பாவைத் திறந்து மோந்து, என்னென்ன வருகிறது என்று அவரிடம் சொல்வாள். மூடிவிட்டு, அதிலிருந்து கிளம்பும் கதைகளைச் சொல்வாள். சிகரெட் விவகாரம் அவருக்கு அப்படித்தான் தெரியவந்தது. என் முன்னாலேயே நின்று பிடித்தானா என்று கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பு தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. சிரித்து முடித்து அழுததும் கேட்டது. மகனை அவர் அந்தக் காரில்தான், அவள் வாய்வழியாகத்தான் துக்கம் கொண்டாடினார். அழத் தெரியாதவர் என்று பேசிய வாய்களைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல் இருந்தது.

மழைக்காலம் ஒன்று போய், வெயில் காலமும் போய்விட்டது. சமீபத்தில் ஒருநாள் நான் சீட்டுக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தேன். தடுப்பைத் தட்டும் சத்தம் கேட்டது. “மச்சான், மூக்கக் கொண்டா” என்றார்.

புது வண்டி ஏதும் வரவில்லை. கிரீம் நிற வண்டியில் அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள், அவர் ஓட்டுநர் சீட்டில், அக்கா பக்கத்தில். நான் பின்சீட்டில் ஏறினேன். அத்தான் டப்பாவை என்னிடம் கொடுத்தார். கசிவு தேடியே கிழவனானவர் அல்லவா, அவருக்குத் தெரியாதா? எதுவும் திறக்கத் திறக்கக் குறையும். உங்க அக்கா இன்னும் அப்படியே இருக்கிறது என்கிறாள், எனக்கு என்னமோ நம்பிக்கை வரவில்லை, நீ பார்த்துச் சொல் என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. டப்பாவைக் கொடுத்த பிறகும் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

மூடியைத் திறந்து மோந்தேன். துருவும் தூசியும் வந்தன. துண்டுகளைக் கிளறிவிட்டு மறுபடியும் மோந்தேன். பழைய கம்பளி வாடை. அவ்வளவுதான். குளமும் இல்லை, புதினாவும் இல்லை, ஒன்றும் இல்லை. எப்போதோ போயிருக்க வேண்டும். தலையை நிமிர்த்தினேன். முன்னால் இருந்த கண்ணாடியில் அக்காவின் கண்கள் தெரிந்தன. என்னைக் கெஞ்சவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். வாரா வாரம் இந்த வெறும் டப்பாவைத் திறந்து, இழுத்து மோந்து, அவனை அவருக்குக் கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தவள் அவள். தனக்கு இல்லாமல் போனதை அவருக்கு இல்லாமல் ஆக்காமல் வைத்திருந்தாள்.

“இருக்கு அத்தான்” என்றேன்.

என்ன வருகிறது என்று கேட்டார். வேலை முடித்த வண்டியில் கேட்கிற அதே கேள்வி. குளத்து மருந்து வருகிறது, ஈரத் துண்டு வருகிறது என்றேன். புதினாவா என்றார். ஆமாம் என்றேன். சிகரெட் என்று அவராகவே எடுத்துக்கொடுத்தார், நான் கொஞ்சம் என்றேன்.

அவர் கையை நீட்டி டப்பாவை வாங்கிக்கொண்டார். மூடியைப் பொருத்தி, விளிம்பு முழுக்கக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே ஒரு சுற்று வந்தார்.

“டப்பாவோட வந்த மூடி, மச்சான். கசியாது” என்றார்.

அக்கா கையை நீட்டி ஏசியை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.